டெக் உயரத்தை முதலில் அளக்கவும்

டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட்டைப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் திறந்த டிரெய்லர் ஓட்டித் தேறியவர் கையில் டேப்போடு வருவார். தரையிலிருந்து டெக் எத்தனை அங்குலம் என்று அளந்த பிறகே பேச்சு தொடங்கும். எந்த டிரெய்லர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நானும் இதையே முதலில் சொல்கிறேன்.

எளிய கழித்தல் கணக்குதான். பெரும்பாலான மாநிலங்களில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 13 அடி 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மேற்கே பல மாநிலங்களில் 14 அடி வரை அனுமதி உண்டு. பிளாட்பெட்டின் டெக் சுமார் 5 அடி உயரம். சரக்குக்கு எட்டரை அடிதான் மிச்சம். ஸ்டெப்-டெக்கில் முன்பக்கம் பத்துப் பதினோரு அடி நீளத்துக்கு அதே உயரம். பிறகு ஒரு படி இறங்கி, சுமார் மூன்றரை அடி உயரத்தில் தளம் ஓடும். அங்கே 10 அடி உயரச் சரக்கு ஏறும்.

ஒன்பதரை அடி எந்திரத்தைப் பிளாட்பெட்டில் ஏற்றினால் மொத்தம் பதினாலரை அடி. பெர்மிட் வாங்க வேண்டும், அதில் குறித்த வழியில்தான் போக வேண்டும். அதே எந்திரம் ஸ்டெப்-டெக்கில் 13 அடி, சாதாரண லோடு. 10 அடியையும் தாண்டும் சரக்குக்கு, நடுத்தளம் இன்னும் தாழ்ந்த டபுள்-டிராப் தேடுவதே சரி.

சட்டம் அனுமதித்த உயரத்தை எல்லாப் பாலமும் அனுமதிக்காது. வட கரோலைனாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று எத்தனையோ லாரிகளின் கூரையைச் சீவியெடுத்தது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். இப்போதும் 13 அடி 6 அங்குல வண்டி அதில் நுழையாது.

அதற்காக எல்லோருக்கும் ஸ்டெப்-டெக் பொருந்தாது. 48 அடி டிரெய்லரில் அதன் கீழ்த்தளம் 37, 38 அடிதான். நீளமான குழாய், மரம், கம்பி ஏற்றுபவருக்கு அந்தப் படி தொல்லை. பிளாட்பெட்டில் ஒரே சீராகப் படுக்க வைத்துவிடலாம்.

அடுத்தது எடை. வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 80,000 பவுண்டு என்பது பொது வரம்பு. அலுமினிய டிரெய்லரில் மிச்சமாகும் சில ஆயிரம் பவுண்டு அப்படியே சரக்காக மாறும். ஆனால் ஸ்டீல் காயில் ஏற்றப் போகிறீர்களா? 40,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒற்றைச் சுருள், டெக்கின் நடுவில் நாலைந்து அடிக்குள் உட்கார்ந்துவிடும். மொத்தத் தாங்குதிறனை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 4 அடிக்குள் எவ்வளவு தாங்கும், 10 அடிக்குள் எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பின் அச்சுகள் நெருங்கியிருந்தால் இரண்டுக்கும் சேர்த்துச் சட்ட வரம்பு 34,000 பவுண்டு. பத்தடி இடைவெளி விட்டால் 40,000. இந்த ஆதாயத்துக்கு டயர் விலை கொடுக்கும். குறுகலான யார்டில் வண்டி திரும்பும்போது பின்னால் நின்று பாருங்கள்: டயரின் பக்கச்சுவர் மடங்கி, ரப்பர் தரையில் இழுபடும். கலிபோர்னியா பக்கம் போகிறவர், டிரெய்லரை லாரியோடு இணைக்கும் கிங்பின்னிலிருந்து கடைசி அச்சு வரை 40 அடி என்ற அந்த மாநில வரம்பையும் அளந்துகொள்ள வேண்டும்.

கட்டும் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். கட்டுகளின் மொத்தத் திறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 45,000 பவுண்டு லோடுக்கு 22,500 தேவை. நாலு அங்குல ஸ்ட்ராப் ஒன்றின் திறன் 5,400. நான்கு போட்டால் 21,600 தான் வரும், ஐந்தாவது கட்டாயம். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு. எந்திரம் ஏற்றுபவருக்கு டி-வளையங்கள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். சங்கிலி நேராக இழுக்க வராத இடத்தில் வளையம் இருந்து பயனில்லை.

பழைய ஸ்டெப்-டெக் என்றால் டார்ச்சோடு அடியில் நுழைந்து, படி இறங்கும் இடத்தின் வெல்டிங்கைப் பாருங்கள். பெயின்ட்டுக்கு மேல் முடி மாதிரி ஓடும் துருக்கோடு விரிசலின் அடையாளம். புதிதாக அடித்த பெயின்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும் பளபளத்தால், விலை பேசுவதற்கு முன் ஒரு வெல்டரை அழைத்துக் காட்டுங்கள்.