திண்மமா, திரவமா? மரவள்ளிக் கிழங்கில் ஒரு பரிசோதனை

ஊர் திரும்பிய பல வீடுகளில் இப்போது கூரைத் தகடு இருக்கிறது, கிணறு இறைத்தாயிற்று, பாடசாலையும் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு விளையாடத்தான் பொருள் குறைவு. கைக்கு வேலை இல்லாத பிள்ளை வளவைச் சுற்றிப் பார்க்கும், பற்றைக்குள் போகும், மண்ணில் எது தெரிந்தாலும் கிளறிப் பார்க்கும். நமது பிரதேசத்தில் அது எவ்வளவு ஆபத்து என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆகவே, பிள்ளை பயமின்றித் தொட்டு, பிசைந்து, கேள்வி கேட்கக்கூடிய ஒரு பரிசோதனையை இங்கே தருகிறோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவரும் கூட இருந்து செய்ய வேண்டும்.

நகரக் கடைகளில் ‘ஸ்லைம்’ என்று வழுவழுப்பான விளையாட்டுப் பொருள் ஒன்று விற்கிறார்கள். பசையுடன் வெண்காரத்தைக் கரைத்து அதனை வீட்டிலும் செய்வதுண்டு. பொற்கொல்லர் பாவிக்கும் அதே வெண்காரம்தான். வயிற்றுக்குள் போனால் அது நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். மரவள்ளிக் கிழங்கு போதும்.

கிழங்கை எங்கே எடுப்பது என்பதுதான் முதல் விடயம். கண்ணிவெடி அகற்றப்பட்டு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட காணியில் நீங்களே நட்ட கிழங்கு, அல்லது சந்தையில் வாங்கிய கிழங்கு. ஆளில்லாத பக்கத்து வளவில் மரவள்ளி செழித்து நிற்கலாம். அந்த மண்ணைக் கிண்ட வேண்டாம், பிள்ளையை அனுப்பவும் வேண்டாம். பாத்திரத்துக்கும் அப்படியே: வீட்டிலுள்ள சட்டியோ சிரட்டையோ எடுங்கள், வெளியே கிடக்கும் தகரப் பேணி, குழாய், போத்தல் எதுவும் வேண்டாம்.

ஒரு கிலோ கிழங்கைத் தடித்த தோல் போக உரித்து, கழுவி, துருவிக்கொள்ளுங்கள். துருவுவது பெரியவர் வேலை. துருவலைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, பழைய பருத்தித் துணியில் கட்டிப் பிழியுங்கள். பால் போல ஒரு தண்ணீர் இறங்கும். அதை ஒரு மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். பிள்ளை இடைக்கிடை வந்து எட்டிப் பார்க்கட்டும். வெண்மை கீழே போவதும் மேலே தண்ணீர் தெளிவதும் அதற்குத் தெரியும். தெளிந்த தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டால், அடியில் இரண்டு மூன்று கைப்பிடி வெள்ளை மா படிந்திருக்கும்.

பச்சை மரவள்ளியில் நஞ்சு உண்டு. அது தோலில் அதிகம், பிழிந்த தண்ணீரிலும் இருக்கும். அந்தத் தண்ணீரை ஆடு, கோழி குடிக்காத இடத்தில், கிணற்றுக்குத் தூரமாக ஊற்றுங்கள். தோலையும் ஆட்டுக்குப் போடாதீர்கள். பிள்ளை மாவை வாயில் வைக்கக்கூடாது. கையில் புண் இருந்தால் தொடக்கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று நம் அம்மம்மாமார் சொல்வார்கள். இந்தக் கிழங்கு கவனமாகக் கையாள வேண்டியது என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

இப்போது பிள்ளையை அழைத்து, அடியில் படிந்ததைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கல் மாதிரி இறுகியிருக்கும். எடுத்த கட்டியை உள்ளங்கையில் வைத்துச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். அது உருகி விரலிடுக்கால் வழியும். வழிவதைப் பிடித்து உருட்டினால் மறுபடி உருண்டையாகும், உருட்டுவதை நிறுத்தினால் மறுபடி வழியும். சட்டியில் விரலை மெதுவாக விட்டால் அடிவரை போகும், சட்டென்று குத்தினால் மேலேயே நின்றுவிடும். அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கூடிவிட்டால் சற்றுப் பொறுத்து மேலே தெளிந்ததை வடித்துவிடுங்கள்.

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். “இது திண்மமா, திரவமா?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை இரண்டும் இல்லை என்று சொல்லலாம், இரண்டும்தான் என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் “எப்படித் தெரியும், காட்டு” என்று கேளுங்கள். சில பிள்ளைகள் இந்த வழுவழுப்பைத் தொட விரும்ப மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். ஒரு ஈர்க்கைக் கொடுத்தால் அதனால் கிளறிப் பார்ப்பார்கள்.

காரணம் இதுதான். மா தண்ணீரில் கரையவில்லை. நுண்ணிய மணிகளாக, நெருக்கமாக, தண்ணீருக்குள் நிற்கிறது. மெதுவாக அழுத்தினால் மணிகளுக்கிடையே தண்ணீர் இருந்து அவற்றை வழுக்க விடும். வேகமாக அழுத்தினால் விலக நேரமின்றி மணிகள் ஒன்றோடொன்று முட்டி இறுகிக்கொள்ளும். தண்ணீரையோ தேங்காயெண்ணெயையோ எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அதன் தடிப்பு மாறாது. அப்படிப்பட்டவற்றை நியூட்டனின் பெயரால் அழைப்பர். இந்த மாக்கரைசல் அந்த வகையில் சேராது. தக்காளி சோஸும் சேராது, ஆனால் அது நேர்மாறு: குலுக்கினால்தான் இளகும்.

கடற்கரையோரப் பிள்ளைகள் இதன் உறவான ஒன்றை முன்பே பார்த்திருப்பார்கள். அலை திரும்பிய ஈர மணலில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் காய்ந்தது போல வெளிறும். மணிகள் நகர்ந்து இடைவெளி கூடுவதால் மேலிருந்த தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதனை 1885இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்ற பொறியியலாளர் விளக்கினார்.

நிவாரணக் கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பீர்கள். வராது. கோதுமையிலுள்ள புரதம் இழை இழையாகப் பின்னி ரொட்டி மாவாக்கிவிடும். அதை ரொட்டிக்கே வைத்திருங்கள். கடையில் விற்கும் சோளமாப் பெட்டியில் இது நன்றாக வரும். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர், சற்றுக் கூடக் குறைய.

பிள்ளையின் கை சட்டிக்குள் இருக்கும் நேரம் இன்னொன்றையும் பேச நல்ல நேரம். “இதைத் தொட்டுப் பார்த்தாய். இது என்னவென்று உனக்குத் தெரியும், நானும் பக்கத்தில் இருந்தேன். வெளியே தெரியாத பொருளைக் கண்டால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். தொடமாட்டேன், எறியமாட்டேன், வந்த வழியே திரும்பி வந்து பெரியவருக்குச் சொல்வேன் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். நீங்கள் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ அறிவியுங்கள்.

மிஞ்சிய மாவை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தால் இன்னொரு நாள் தண்ணீர் விட்டு மறுபடி செய்யலாம். இரண்டு தேக்கரண்டியை மட்டும் அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, இளம் சூட்டில் கிளறிப் பாருங்கள். மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி, கண்ணாடி போன்ற பசையாகும். ஆறிய பின் அது பழைய மாவாகுமா என்று பிள்ளை சோதிக்கட்டும். பட்டம் ஒட்டவும் கொப்பிக்கு உறை போடவும் அந்தப் பசை நன்றாக உதவும்.