வைரம்: விற்பதா, மாற்றுவதா, பெட்டியில் வைப்பதா?

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர்த் தேக்கா நகைக்கடைகளில் இதைப் பார்க்கலாம். ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்க வந்த இளம் தம்பதி, நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய கல்லோடும் பன்னிரண்டு மாதத் தவணையோடும் வெளியே போவார்கள். இருவரும் படித்தவர்கள். வீட்டுக் கடன் வட்டி கால் விழுக்காடு கூடினாலும் நாலு வங்கியை விசாரிப்பவர்கள். கல் விஷயத்தில் மட்டும் அந்தப் படிப்பு கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

காரணம் இரண்டு. ஒன்று, அலுவலகத் தோழி அரைக் கேரட்டிலிருந்து ஒரு கேரட்டுக்குப் போய்விட்டாள். இன்னொன்று, திருச்சியிலிருந்தோ உட்லண்ட்ஸிலிருந்தோ ஃபோனில் அம்மா: "வைரத்தை விக்காதடி, வீட்டுக்கு ஆகாது. வேணும்னா மாத்திக்கோ." விற்றால் தோஷம், மாற்றினால் தோஷமில்லை என்பது எந்தச் சாஸ்திரமோ தெரியவில்லை. கடைக்காரருக்கு இதைவிட வசதியான சாஸ்திரம் கிடையாது.

எனக்கு இதில் பேச என்ன யோக்கியதை என்றால், நகைக்கடைக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். எந்தச் சரக்கில் லாபம் நிற்கிறது என்பதைப் பேரேட்டில் பார்த்தவன். ஆகவே என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

முதலில் நிலவரம்

வாங்கிய விலை திரும்ப வராது. நீங்கள் கொடுத்த பணத்தில் கடை லாபம், செய்கூலி, பொருள் சேவை வரி எல்லாம் அடக்கம். வரி 2007 முதல் 7 விழுக்காடு, 2023இல் 8, 2024 முதல் 9. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போயாயிற்று. மறுவிற்பனையில் அதை யாரும் எடுத்து உங்கள் கையில் வைக்கப்போவதில்லை. உங்கள் கல்லை வாங்கும் வியாபாரி அதை மொத்த விலையில் கிடைக்கும் புதுக் கல்லோடு ஒப்பிடுவார். அவருக்குக் கணக்கு, மார்ட்டின் ரேப்பபோர்ட் 1978இல் நியூயார்க்கில் தொடங்கிய விலைப்பட்டியல். அந்தப் பட்டியல் விலையிலும் கழிவு போட்டுத்தான் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிறார்கள். அதற்கும் கீழேதான் உங்களுக்குச் சொல்லும் விலை.

இது சிங்கப்பூர்க் கடைக்காரரின் சூழ்ச்சி இல்லை. பிரிட்டனில் 'மணி விச்' பத்திரிகை 1970இல் அரைக் கேரட் அளவுள்ள இரண்டு கற்களை 400 பவுண்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்தது. 1978இல் லண்டனின் வைரச் சந்தையான ஹாட்டன் கார்டனுக்கு விற்கப் போனபோது அதிகபட்சமாகக் கேட்ட விலை 500 பவுண்டு. நடுவில் அங்கே விலைவாசி ஒரே ஆண்டில் 25 விழுக்காடு ஏறிய காலமும் இருந்தது. வைரம் அழியாது என்று வைர நிறுவனமான டி பியர்ஸ் 1940களின் கடைசியிலிருந்து விளம்பரம் செய்தது. விலையும் அழியாது என்று நாமாகச் சேர்த்துப் படித்துக்கொண்டோம்.

உங்களுடையது ஆய்வகத்தில் வளர்த்த கல் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டி பியர்ஸே 2018இல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் கேரட் 800 அமெரிக்க டாலருக்கு அந்தக் கல்லை விற்க ஆரம்பித்து, விலை சரிந்துபோக, 2025இல் கடையை மூடுவதாக அறிவித்தது. அதை விற்க அலையாதீர்கள். போட்டு அனுபவியுங்கள்.

இருக்கிற வழிகள்

அடகுக்கடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். விற்க மனமில்லை, ஆனால் பணம் வேண்டும் என்பவருக்கு அது. மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் விடாது. மீட்க ஆறு மாதம். 2,000 வெள்ளி வாங்கினால் ஆறு மாதத்துக்கு அதிகபட்சம் 180 வெள்ளி வட்டி. வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். கட்டாமலும் மீட்காமலும் விட்டால் பொருள் கடைக்குச் சொந்தமாகிவிடும். தங்கத்துக்குத் தாராளமாகவும் கல்லுக்குக் கஞ்சத்தனமாகவும் கொடுப்பார்கள். எனக்கு இந்தக் கடைகள்மேல் ஒரு மரியாதை உண்டு. உங்கள் கல் எவ்வளவு போகும் என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

ரொக்கத்துக்கு வாங்கும் கடைகள் தேக்காவோடு முடிவதில்லை. லக்கி பிளாசா, பீப்பிள்ஸ் பார்க் பக்கமும் போய்ப் பாருங்கள். மூன்று இடத்தில் கேட்காமல் விற்காதீர்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "நீங்க சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். 2019இல் வந்த சட்டப்படி விலையுயர்ந்த கல், உலோக வியாபாரிகள் சட்ட அமைச்சின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வியாபாரி அதிகாரிகளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத கடையைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மதிப்பீட்டாளர் என்ன செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கல்லைத் துடைத்து, வாயால் ஒரு ஊது ஊதுவார். வைரமானால் அந்த ஆவி படிந்த வேகத்திலேயே மறையும். பிறகு இடுக்கியில் பிடித்துப் பத்து மடங்கு பெருக்கும் லூப்பில் மேல்பக்கத்தைப் பார்ப்பார். ஆனால் அவர் அதிக நேரம் செலவிடுவது இடுப்பு விளிம்பில், அதுவும் கம்பிப் பல் கடித்திருக்கும் இடத்தில். அங்கே ஒரு சிறு சில்லு போயிருந்தால் மறுபடி பட்டை தீட்ட வேண்டும். தீட்டினால் 1.01 கேரட் 0.97 ஆகலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு கேரட் என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கேரட் விலையே வேறு. பல கற்களில் அந்த விளிம்பிலேதான் ஜிஐஏ ஆய்வகத்தின் சான்றிதழ் எண்ணையும் லேசரில் பொறித்திருப்பார்கள். எண் சான்றிதழோடு ஒத்துப்போனால் பாதிப் பேச்சு மிச்சம். சான்றிதழ் இல்லாத கல்லுக்கு மெஷின் சோதனை மட்டும் போதாது. சூட்டை வைத்துச் சோதிக்கும் சாதாரணக் கருவியில் மொய்சனைட்டும் பாஸாகிவிடும், ஆய்வகக் கல்லும் பாஸாகிவிடும்.

காரோசல் மாதிரி இணையத் தளத்தில் நீங்களே விற்றால் கடையைவிடக் கூடக் கிடைக்கலாம். தலைவலியும் கூடவே வரும். பேநவ் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவதை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கல்லைக் கொடுங்கள். நம்மவர்கள் வாங்க வந்தால் "நாலு நாள் வச்சுப் பார்க்கிறோம், எங்களுக்குச் சேருதான்னு" என்பார்கள். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. பணம் வராமல் கல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

ஊருக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்பது மாமனார்கள் சொல்லும் யோசனை. உலகத்து வைரத்தில் பெரும்பகுதியைப் பட்டை தீட்டுகிற சூரத் இருக்கும் நாட்டில் உங்கள் ஒற்றைக் கல்லுக்கு என்ன பஞ்சம்? தி.நகர் கடைக்காரர் முதலில் தன் கடைப் பில்லைத்தான் கேட்பார். நடுவில் விமான நிலையச் சுங்கம் வேறு. ஊரிலிருந்து நகையோடு கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் திரும்பக் கொண்டுபோகையில் வாக்குவாதம் மிச்சம். விற்பதற்கென்றே டிக்கெட் போடுவது வீண்.

மாற்றும் ஆசை

எல்லாரும் கொண்டாடும் எக்ஸ்சேஞ்சுக்கு இப்போது வருகிறேன். "வாங்கின விலை முழுசா எடுத்துக்கிறோம்" என்ற பலகையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடுகிறது. நஷ்டமே இல்லையே! நஷ்டம் இருக்கிறது. உங்கள் பழைய கல்லின் சீட்டில் இல்லாமல் புதுக் கல்லின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் 6,000 வெள்ளிக்கு வாங்கிய கல். கடை முழுசாக 6,000 கழிக்கச் சம்மதிக்கிறது. ஆனால் நிபந்தனை, புதுக் கல் இரண்டு மடங்கு விலையில் இருக்க வேண்டும். 12,000 வெள்ளிக் கல்லைக் காட்டுகிறார்கள். கையிலிருந்து 6,000 கட்டுகிறீர்கள். இப்போது அதே எடை, அதே நிறம், அதே தெளிவு, அதே வெட்டுள்ள சான்றிதழ்க் கல் வேறு கடையில் 9,500க்குக் கிடைக்கிறது என்றால்? 6,000 கொடுத்து 9,500 பெறுமான கல்லை வாங்கியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பழைய கல்லுக்குக் கிடைத்தது 3,500 மட்டுமே. ரொக்கத்துக்கு விற்றிருந்தால் 3,000 வந்திருக்கும் என்றே வைப்போம். 500 வெள்ளி ஆதாயத்துக்காக, செலவழிக்க நினைத்தே இராத 6,000 வெள்ளியைச் செலவழித்திருக்கிறீர்கள்.

சூத்திரம் இதுதான்: புதுக் கல்லின் வெளிச்சந்தை விலையில், நீங்கள் கையிலிருந்து கட்டுவதைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் பழைய கல்லுக்கு உண்மையில் கொடுத்த விலை. கடைக்காரர் வாயால் சொன்ன தொகைக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

பேரேட்டில் நான் பார்த்ததும் இதையேதான். ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் விற்பனைக்கு வைத்த விலையும் ரொக்க விற்பனைக்கு வைத்த விலையும் ஒன்றாக இருந்ததே இல்லை. ரொக்கத்துக்கு வாங்குகிறவர் பேரம் பேசிக் குறைத்துக்கொள்வார். மாற்ற வந்தவர் பழைய கல்லுக்கு முழு விலை கிடைத்த சந்தோஷத்தில் புதுக் கல்லுக்குப் பேரமே பேச மாட்டார். அந்தச் சந்தோஷத்தை விலை போட்டு விற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கவுண்டரில் சம்பளம் அதிகம்.

இன்னும் உண்டு. முழு விலை என்பது பெரும்பாலும் கல்லுக்கு மட்டும். மோதிரக் கட்டு, செய்கூலி, கட்டிய வரி அதில் வராது. தங்கத்தைக் கல் நீக்கிய எடைக்குத் தனியாகப் போடுவார்கள். அசல் பில்லும் சான்றிதழும் இல்லையென்றால் பேச்சே கிடையாது. விளிம்பில் சில்லு போயிருந்தால் அப்போது வேறு விதி வாசிப்பார்கள். சில கடைகளில் மாற்றிய கல்லை மறுபடி மாற்றும்போது மறுபடியும் இரண்டு மடங்கு. 6,000த்தில் தொடங்கியவர் 12,000, 24,000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறும் படிக்கட்டு மட்டும் வைத்து, இறங்குவதற்குப் படிக்கட்டே வைக்காமல் கட்டிய வீடு மாதிரி. என்றாவது பணம் வேண்டும் என்று வருகிற நாளில், முன்பு 6,000 வெள்ளிக் கல்லில் அடிபட்டிருக்க வேண்டியவர் 24,000 வெள்ளிக் கல்லில் அடிபடுவார்.

எக்ஸ்சேஞ்ச் எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. எப்படியும் பெரிய கல் வாங்குவதாக முன்பே முடிவு செய்து, பணத்தையும் சேர்த்து, அந்தக் கடையின் புதுக் கல் விலையை மாற்றப் போவதைச் சொல்லாமலே முதலில் பேசி முடித்தவர் தாராளமாக மாற்றலாம். அப்படிச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பாட்டி கல் தனி

ஏழு கல் தோடு, பேசரி, அட்டிகை என்று பாட்டி வழியாக வந்த கல்லை இந்தக் கவுண்டர்களில் தயவுசெய்து நீட்டாதீர்கள். தென்னாப்பிரிக்க யாகர்ஸ்ஃபான்டெயின் சுரங்கத்தின் பேரால் 'புளூ ஜாகர்' என்று நம் வீடுகளில் கொண்டாடிய கல்லின் அழகே அந்த நீலச் சாயல்தான். அது பல கற்களில் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் குணம். இன்றைய சான்றிதழில் அது 'வலுவான நீல ஒளிர்வு' என்று ஒரு வரியாக வரும். வெள்ளைக் கல்லில் அந்த வரியைப் பார்த்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். பாட்டி எதற்காகக் கூடக் கொடுத்தாளோ, அதற்காகவே பேரனுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். பழைய வெட்டு என்றால் திரும்பத் தீட்டினால் எவ்வளவு எடை மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பேசுவார்கள். கைவேலை தெரிந்த பத்தர் ஒருவரைப் பிடித்து, கண்ணெதிரே கற்களை எண்ணிக் கொடுத்து, தோட்டை மோதிரமாகவோ மூக்குத்தியாகவோ கட்டச் சொல்லுங்கள். கூலி மட்டும்தான் செலவு.

யாருக்கு எது

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தன் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்குப் பேரம் பேச வரும். முன்பின் தெரியாதவர் பாதி விலைக்குக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "இல்லைங்க" என்பார்கள். அவர்கள் நேரடியாக விற்கட்டும், மாதக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். சிலருக்கு ஏசி அறையில் காபி கொடுத்தாலே மறுக்க வாய் வராது. அவர்கள் மூன்று விலையைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் கழித்து முடிவெடுக்கட்டும். அவசரத்துக்கு விற்பவரின் முகத்தை வியாபாரி கல்லைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுவார். அவசரம் என்றால் அடகு வையுங்கள். ஆறு மாதத்தில் நிதானம் திரும்பும்.

படிப்பானாலும் வேலையானாலும் நம் பிள்ளைகளிடம் நான் காண்பது இதே அவசரம். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று ஒரு பாடம், அம்மா சொன்னாள் என்று ஒரு கல். தனக்கு எது வரும், எவ்வளவு நாள் பொறுக்க முடியும் என்று கேட்டுக்கொள்வதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. அம்மா சொல்லைத் தட்ட வேண்டாம். அவர் அருகில் உட்கார்ந்து அந்தக் கழித்தல் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அரிசிக்கடையில் எடை பார்த்தே வளர்ந்த தலைமுறை அது, உங்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

ஒரு லூப் வாங்குங்கள், விலை அதிகமில்லை. உங்கள் கல்லின் சான்றிதழை நீங்களே ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். எதையும் விற்காமல், எதையும் வாங்காமல் வீடு திரும்ப உங்களால் முடிந்தால், அதற்கப்புறம் நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.