நன்னிலை பேணலும் நோய்த்தடுப்பும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த. (சா/த)

மாணவர்களே, இவ்விடயம் தொடர்பான வினாக்களுக்குப் பலர் “நோய் வராமல் பாதுகாத்தல்” என்ற ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். சுகத்தைப் பாதுகாக்க இரு வழிகள் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

1. சுகம் என்றால் என்ன?

1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார தாபனத்தின் யாப்பின்படி, சுகம் என்பது நோயற்றிருத்தல் மட்டுமன்று. உடல், உள, சமூக ரீதியாகப் பூரண நன்னிலையில் இருத்தலுமாகும்.

“மட்டுமன்று” என்பதைக் கவனியுங்கள். காய்ச்சலோ இருமலோ இல்லாத ஒரு மாணவன், பரீட்சைப் பயத்தால் நித்திரையின்றி, ஒழுங்காகச் சாப்பிடாமல், நண்பர்களுடன் பேசாமல் இருக்கிறான். அவனுக்கு நோயில்லை, ஆனால் சுகமும் இல்லை.

2. இரு வழிகள்

(அ) நன்னிலையை வளர்த்தல்: போசாக்கான உணவு, நாளொன்றுக்கு 60 நிமிட உடற்பயிற்சி அல்லது விளையாட்டு, 8 மணித்தியாலத்திற்குக் குறையாத நித்திரை, நல்ல நட்பு, மனக்கவலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கூறுதல்.

(ஆ) நோயைத் தடுத்தல்: தடுப்பூசி ஏற்றல், நுளம்பு பெருகும் இடங்களை ஒழித்தல், கொதித்தாறிய நீரைப் பருகுதல், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், புகைத்தலைத் தவிர்த்தல்.

ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நாள்தோறும் விளையாடும் திடகாத்திரமான பிள்ளைக்கும் டெங்கு வரலாம். தடுப்பூசிகள் அனைத்தும் ஏற்றிய பிள்ளையும் மனச்சோர்வால் வாடலாம்.

3. தடுப்பின் மூன்று நிலைகள் (உதாரணம்: நீரிழிவு)

• முதலாம் நிலை – நோய் ஏற்படுமுன் தடுத்தல்: இனிப்புப் பானங்களைக் குறைத்தல், உடல் நிறையைச் சரியாகப் பேணல்.
• இரண்டாம் நிலை – ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிகிச்சை பெறல்: இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதித்தல்.
• மூன்றாம் நிலை – நோயின் விளைவுகளைக் குறைத்தல்: கால்களையும் கண்களையும் ஒழுங்காகப் பரிசோதித்து, புண்கள் ஏற்படுவதையும் பார்வை இழப்பையும் தவிர்த்தல்.

4. இலங்கையின் அனுபவம்: மலேரியா

1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பின்னர் டி.டி.ரி. மருந்து தெளித்தல் முதலிய நடவடிக்கைகளால் நோய் குறைந்து, 1963இல் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. நோய் ஒழிந்ததெனக் கருதி, மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1967இன் பின் அது மீண்டும் பரவி, 1969இல் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. நீண்டகால முயற்சியின் பின் 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார தாபனத்தால் அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து பெறப்படுவது: நோய் கண்ணுக்குத் தெரியாதபோதும் தடுப்பைக் கைவிடலாகாது. நோயைக் காவும் நுளம்பு இன்றும் இங்குண்டு. வெளிநாடு சென்று திரும்புவோர் மூலம் நோய்க்கிருமி மீண்டும் வரக்கூடும்.

5. மாதிரி வினா

ஒரு பாடசாலையில் ஒரே மாதத்தில் நான்கு மாணவருக்கு டெங்குக் காய்ச்சல் ஏற்பட்டது.
(i) பாடசாலை எடுக்க வேண்டிய முதலாம் நிலைத் தடுப்பு நடவடிக்கை ஒன்றைக் காரணத்துடன் தருக.
(ii) காய்ச்சல் கண்டவர் செய்ய வேண்டியவை மூன்று தருக.
(iii) சுகமடைந்து திரும்பும் மாணவரின் நன்னிலைக்கு வகுப்பினர் எவ்வாறு உதவலாம்?

விடை:
(i) நீர் தேங்கும் பூச்சாடி, பீலி, சிரட்டை, ரயர் ஆகியவற்றை வாரந்தோறும் துப்புரவு செய்தல். முட்டை நுளம்பாக வளர ஏறத்தாழ 7–10 நாட்கள் எடுப்பதால், வாரத்திற்கு ஒருமுறை செய்தால் அவ்வளர்ச்சி தடைப்படும்.
(ii) ஓய்வெடுத்து நீராகாரம் பருகுதல். பரசிற்றமோல் மட்டும் உரிய அளவில் எடுத்தல் (அஸ்பிரின், இபுபுரோபன் குருதிப்பெருக்கை ஏற்படுத்தக்கூடும்). வைத்தியரை நாடி இரத்தப் பரிசோதனை செய்தல்.
(iii) தவறிய பாடங்களின் குறிப்புகளைக் கொடுத்தல். தனிமைப்படுத்தாது அன்புடன் பழகுதல்.

மனதிற் பதிக்க: டெங்கில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்து ஆரம்பிக்கும் வேளையாகவும் இருக்கலாம். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, குருதி கசிதல், கைகால் குளிர்தல் காணப்பட்டால் உடன் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பரீட்சையில் வராவிட்டாலும் வீட்டில் தேவைப்படும் விடை இது. பெற்றோருக்கும் சொல்லி வையுங்கள்.