தேக சுகக் கணக்கெடுப்பும் நம் வியாபாரிகளும்



நம் சங்க உறுப்பினர்களின் தேக சுகத்தைப் பற்றி வீடு வீடாகச் சென்று விசாரித்துக் கணக்கெடுப்பது என்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. இந்த வேலையை 2022ஆம் ஆண்டு ஒரு தடவை செய்து பார்த்தவன் நான். தப்பும் தவறுமாகச் செய்தவனும் நான்தான். அதனால்தான் போலும், இதைப் பற்றி எழுதும்படி செயலாளர் என்னையே பிடித்துக்கொண்டார். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவன், மளிகைக்கடை வைத்திருப்பவன். கடைக்காரன் பாஷையில்தான் எழுத வரும். வைத்தியம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், என் வீட்டுக்கே கணக்கெடுக்க வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டின் பிற்பாதியில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டுச் சற்றே படுத்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டும் பையுமாக இரண்டு பெண் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். காகிதமும் கையுமாக யார் வந்தாலும் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது வருமான வரி இலாகா; அடுத்து கடை லைசென்ஸ். "நான் கடையில் இருக்கிறேன் என்று சொல்லியனுப்பு" என்று வீட்டில் சொன்னேன். அது பொய்தான். அவர்களும் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மஃரிபுக்குப் பிறகு மறுபடியும் வந்தார்கள். இம்முறை ஒளிய இடமில்லை. சுகாதார அமைச்சைச் சேர்ந்த பொதுச் சுகாதாரக் கழகம் நடத்தும் தேசிய சுகாதார ஆய்வு அது. 1986இல் முதன்முதலாக நடந்து, பிறகு 1996இலும் 2006இலும் நடந்து, அதன்பின் இடைவெளி குறைந்து நடந்துவரும் கணக்கெடுப்பு. விருப்பமில்லையென்றால் மறுக்கலாம் என்று சொல்லி, சம்மதக் கையொப்பம் வாங்கிக்கொண்ட பிறகே கேள்வியை ஆரம்பித்தார்கள்.

"சர்க்கரை வியாதி இருப்பதாக உங்களிடம் எந்த டாக்டராவது சொல்லியிருக்கிறாரா?" என்று அந்தப் பெண் மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அது சத்தியமான பதில்தான். ஆறு வருஷமாக நான் எந்த டாக்டர் முகத்திலும் விழிக்கவில்லை. பிறகு யார் சொல்வது? இரத்தக் கொதிப்பு? இல்லை. கொழுப்பு? இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு மிடுக்காக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விரலை நீட்டச் சொன்னார்கள். ஊசி முனையால் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சிறு கருவி. சாப்பிட்டிருந்தாலும் 11.1க்குக் கீழே இருக்கவேண்டிய அளவு எனக்கு 13ஐத் தாண்டி நின்றது. அந்தப் பெண் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், கிளினிக்கில் காட்டும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சகோதரர்களே, இதில் முதல் பாடம் இருக்கிறது. வாயால் கேட்பது ஒன்று. அளந்து பார்ப்பது ஒன்று. வாயால் மட்டும் கேட்டிருந்தால் என் பெயர் சுகவாசிகளின் பக்கத்தில் ஏறியிருக்கும். அந்த ஆண்டு முடிவைப் பாருங்கள்: வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. அதில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 9.4; தெரியாமலே இருந்தவர்கள் 8.9. ஏறக்குறைய பாதிக்குப் பாதி! அந்த 8.9க்குள் நானும் ஒருவன். 2023ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்தம் 15.6 என்று இறங்கியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனாலும் ஆறு பேரில் ஒருவர். நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரிடம் மற்ற இனத்தாரைவிட அதிகம்.

"நாட்டில் மூன்று கோடிக்கு மேல் ஜனம், என் வீட்டை ஏன் பிடித்தார்கள்?" என்று அப்போது எனக்கும் சந்தேகம். அரிசி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நூறு மூட்டை வந்து இறங்கினால் நூறையும் கொட்டியா பார்க்கிறோம்? சில மூட்டைகளில் ஊசியைக் குத்தி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பார்க்கிறோம். ஆனால் எந்த மூட்டையில் குத்துவது என்பதை விற்பவனிடம் விட்டால் அவன் நல்ல மூட்டையைத்தான் முன்னே தள்ளுவான். அதனால்தான் புள்ளிவிவர இலாகா நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கினாற்போல் வீடுகளைப் பொறுக்குகிறது. பொறுக்கின வீடு பொறுக்கினதுதான். நான் மறுத்தேன் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரை என் இடத்தில் உட்காரவைக்க முடியாது. ஆள் இல்லையென்றால் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

நம்மவர் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். விடியுமுன் கடை திறந்து, இரவு பத்துக்கு மேல் வீடு திரும்புகிற கூட்டம் நாம். கணக்கெடுப்போர் வரும் நேரம் வீட்டில் இருப்பது பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும். அடி மூட்டையில் ஊசி படாமலே போய்விடுகிறது. அகப்படுகிற ஒன்றிரண்டு பேரும் என்னைப்போல் உள்ளறையில் படுத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

இனி நான் செய்த கணக்கெடுப்புக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு நம் தெருவில் அடுத்தடுத்துச் சில மௌத்துகள். எல்லாம் ஐம்பதும் அறுபதும். சங்கத்தில் பேச்செழுந்து, கடைக்காரர்களை விசாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். பன்னிரண்டு கேள்விகளை நானே எழுதி, பேரனின் பள்ளிக்கூட வேலை போல் அழகாகக் கட்டம் போட்டு, முப்பது கடைகளுக்கு மேல் ஏறி இறங்கினேன். முடிந்ததும் தாள்களைப் பரப்பிப் பார்த்தால் இந்தத் தெருவைப்போல் ஆரோக்கியமான தெரு மலேசியாவில் இல்லை! எல்லோரும் இனிப்பைக் குறைத்தவர்கள், எல்லோரும் நடப்பவர்கள், புகைப்பவர் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் வாயில் சிகரெட்டோடு பதில் சொன்னவர்கள்.

பிழை எங்கே? கேள்வியிலேயே பிழை. "நீங்கள் அதிகம் இனிப்புச் சாப்பிடுகிறீர்களா?" என்று எழுதியிருந்தேன். அதிகம் என்றால் எவ்வளவு? ஒருவருக்கு மூன்று கரண்டி அதிகம், இன்னொருவருக்கு மூன்று கரண்டி கசப்பு. "நேற்று காலையிலிருந்து படுக்கும்வரை எத்தனை கிளாஸ் தே தாரிக், எத்தனை கிளாஸ் காப்பி?" என்று கேட்டிருக்கவேண்டும். பிறகு நாலைந்து பேரிடம் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். முதலில் இரண்டு என்பார்கள். கடை திறந்ததும் ஒன்று, சரக்கு லாரி வந்தபோது ஒன்று, லுஹர் தொழுது வந்து ஒன்று, யாரோ சம்பந்தி வந்தபோது ஒன்று என்று விரல் மடக்கினால் ஆறுக்குப் போகும். கட்டிப்பாலும் சீனியும் சேர்ந்த ஆறு கிளாஸ்! உடலுக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் சீனியிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சராசரி மனிதருக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம். மற்ற சாப்பாட்டை விட்டுவிடுங்கள், தேநீரிலேயே அது முடிந்துபோகும். (டின்னிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானத்துக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி போட்டபோது நாம் எல்லோரும் முணுமுணுத்தோம். நாம் கலக்கும் தேநீருக்கு அந்த வரியும் இல்லை.)

"உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்பது இன்னொரு கேள்வி. எல்லோரும் ஆம். அரசாங்கக் கணக்கெடுப்பில் அப்படிக் கேட்பதில்லை. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிஷம், மூச்சு வாங்கும் வேலை எது, வேகமாக நடந்தது எவ்வளவு, உட்கார்ந்திருந்தது எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு விசையோடு உடம்பை அசைக்கவேண்டுமென்பது கணக்கு. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதால் கால் வீங்கும். அதை இந்த 150இல் சேர்த்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது பிழை, கேட்ட இடம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் வெங்காயம் பொறுக்க, மகன் சில்லறை கொடுக்க, "அண்ணே, புகைப்பதுண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா?" என்று கேட்டேன். மகனுக்கு முன்னால் எந்தத் தகப்பன் ஒப்புக்கொள்வார்? தகப்பனுக்கு முன்னால் எந்த மகன் வாய் திறப்பான்? வியாதி உண்டென்று தெரிந்தால் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் தயங்குவாரே, பெண்ணுக்கு வரன் பார்க்கும் இடத்தில் பேச்சு வருமே என்ற அச்சமும் உண்டு. போதாததற்கு ஒவ்வொரு தாளின் தலையிலும் கடைப் பெயரை எழுதிவைத்தேன். பேரேட்டுப் புத்தி!

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று. அறிவு, எண்ணம், பழக்கம் மூன்றையும் நான் ஒரே சாக்கில் கொட்டிவிட்டேன். அவை மூன்றும் தனித்தனிச் சரக்கு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஜவுளிக்கடைக்காரர். நான் மாமா என்பேன், அவர் மாப்பிள்ளை என்பார். நீரிழிவு பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எந்த அளவு நல்லது, எது கெட்டது, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அது எப்படிப் பிடிக்கும் என்று எனக்கே பாடம் நடத்தியவர். அறிவுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன். "உடம்பைப் பேணுவது கடமையா?" என்றதற்கு, "அல்லாஹ் தந்த அமானிதமல்லவா மாப்பிள்ளை" என்றார். எண்ணத்துக்கும் நூறு. மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவேயில்லை. பிற்பாடு தெரிந்தது: தலை சுற்றுகிற நாளில் மட்டும் மாத்திரை, மற்ற நாளில் மேசை இழுப்பறையில் அட்டை அட்டையாக இருப்பு. சுகமாக இருக்கும்போது மருந்தை ஏன் வீணாக்குவது என்பது அவர் நியாயம். வியாபாரியின் நியாயம்தான்.

படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் செல்லாது. 2019 ஆய்வில் இதற்கென்றே தனிக் கேள்விகள் இருந்தன. டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு மிகவும் சுலபமா, சுலபமா, சிரமமா, மிகவும் சிரமமா என்கிற தோரணையில் கேட்டார்கள். நாட்டில் மூவரில் ஒருவருக்கு இந்த விஷயத்தில் தேர்ச்சி குறைவு என்று முடிவு வந்தது. என்னைக் கேட்டபோது எல்லாம் சுலபம் என்று சொல்லிவைத்தேன். கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பையைப் பிரித்தபோது "சாப்பாட்டோடு" என்றிருந்ததைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டு விழித்தது வேறு கதை.

மாமா தாளில் கடைசிக் கேள்வி, "காலில் புண் உண்டா?" அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றார். நானும் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி மங்கிவிடும். புண் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் குனிந்து பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் வலது காலின் மூன்று விரல்களை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். "உன் காகிதத்தில் நான் பாஸ்தானே மாப்பிள்ளை?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையை இப்போது மகன் பார்க்கிறார்.

நம் கணக்கெடுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. கேள்விகளை இம்முறை ஒரு டாக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். தாளில் பெயர் இராது, இலக்கம் மட்டும். கடைக்கு வரமாட்டோம், இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு வருவோம், தனியறையில் கேட்போம். பெண்களை விசாரிக்கப் பெண்களே வருவார்கள். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அந்த இடத்திலேயே அளந்து, அளவை உங்கள் கையில் மட்டும் கொடுப்போம். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம், சாப்பிடாமல் வைத்திருப்பதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வைத்திருங்கள். எங்கள் தெருவுக்கு நான் வருவேன். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம்.