ஊர்ப்பயணமும் மடிக்கணினியும்: புறப்படுமுன் செய்ய வேண்டியவை



டிசம்பர் விடுமுறையில் நம்மில் பலர் ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் புறப்படுகிறோம். கூடவே மடிக்கணினியும் வருகிறது. பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் அலுவலக வேலை, உறவினருக்குக் காட்ட வேண்டிய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கணினி தொலைந்தால் காசு கொடுத்து இன்னொன்று வாங்கலாம். அதற்குள் பதிவாகியிருந்த தாத்தாவின் குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே முதலில் உள்ளே இருப்பதைக் காப்போம். பிறகு கருவியைக் காப்போம். இந்தப் பாடத்தையும் அந்த ஒழுங்கிலேயே அமைத்திருக்கிறோம்.

1. பிரதி எடுத்தல்

கணினித் துறையினர் கடைப்பிடிக்கும் எளிய விதி ஒன்று உண்டு: 3, 2, 1. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் இருப்பது ஒன்று, வெளி வன்தட்டில் எடுப்பது இரண்டு, இணையச் சேமிப்பில் வைப்பது மூன்று.

வன்தட்டையும் கணினியையும் ஒரே பையில் வைத்துப் பயணம் செய்வதில் பயனில்லை. பை போனால் இரண்டும் போய்விடும். வன்தட்டு இங்கேயே வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்ததும் அதை இன்னொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, பிரதி ஆகாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்துச் சேமியுங்கள். அது இல்லாத கணினியில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

ஊரில் புதிதாக எடுக்கும் பதிவுகளையும் மறக்க வேண்டாம். பாட்டியை உட்காரவைத்துக் குடும்பக் கதையைப் பதிவு செய்தால், அன்றிரவே அதை ஒரு யுஎஸ்பி குச்சியில் பிரதி எடுத்து, திரும்பும்போது குடும்பத்தில் வேறொருவர் பையில் வையுங்கள்.

2. பூட்டுதல்

கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் போதாது. தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். கடவுச்சீட்டின் பிரதி, வங்கிக் கணக்கு, வரிப் பத்திரங்கள் எல்லாம் பிறர் கைக்குப் போகும். ஆகவே தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்ய வேண்டும். விண்டோஸில் அதற்குப் பிட்லாக்கர் அல்லது சாதன மறையாக்கம் என்ற வசதியும், ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட் என்ற வசதியும் உண்டு. அப்போது தரப்படும் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால், கடவுச்சொல்லை மறந்த நாளில் நமக்கே கதவு திறக்காது.

இன்னொன்று: ஊரில் இறங்கியதும் உள்ளூர் சிம் அட்டையைப் போடுகிறோம். வங்கியும் மின்னஞ்சலும் அனுப்பும் ஒருமுறைக் குறியீடு இங்குள்ள பழைய எண்ணுக்குத்தான் போகும். பல மின்னஞ்சல் சேவைகள் தரும் மாற்றுக் குறியீடுகளைப் புறப்படுமுன்பே எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. மின்கலமும் விமானமும்

1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் மின்கலம்தான் இன்று எல்லா மடிக்கணினியிலும் இருக்கிறது. நசுங்கினாலோ உள்ளே பழுதானாலோ அது தீப்பற்றும். பயணிகள் அறையில் என்றால் பணியாளர்கள் உடனே அணைப்பார்கள். சரக்கறையில் அது எளிதல்ல. அதனால்தான் உபரி மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே வர வேண்டும் என்பது விதி. 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. புறப்படுமுன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. எடை கூடும்போது கணினியைப் பெரிய பெட்டிக்கு மாற்றும் எண்ணம் வரும். அதைவிடப் புடவைகளையும் சாக்லேட்டுகளையும் மாற்றுவது நல்லது. வாசலில் இடமில்லை என்று கைப்பையை வாங்கிக்கொண்டால், கணினியையும் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

4. வழியிலும் ஊரிலும்

பையில் வைக்குமுன் கணினியை முழுதாக நிறுத்துங்கள். உறக்க நிலையில் விட்டால் தானே விழித்துப் பைக்குள் சூடேறும். சோதனைச் சாவடியில், உங்கள் முறை வந்த பிறகே தட்டை உள்ளே அனுப்புங்கள். எல்லாக் கணினிகளும் ஒரே சாயலில் இருப்பதால் மேலே அடையாளத்துக்கு ஒரு ஒட்டுத்தாள் இருக்கட்டும். தொடர் எண்ணையும் குறித்து வையுங்கள். காவல்துறையும் காப்புறுதியும் முதலில் கேட்பது அதைத்தான்.

குளிரூட்டிய இடத்திலிருந்து சென்னை வெளிக்காற்றுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா? அதே ஈரம் கணினியிலும் படியும். அரைமணி நேரமாவது பைக்குள்ளேயே விட்டு, பிறகு திறங்கள்.

பெரும்பாலான மடிக்கணினி மின்னேற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்; மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். நம் தட்டைமுனைப் பிளக் அங்கே பொருந்தாது. பிளக் மாற்றி வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி கேட்டால் கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: மின்கலத்தில் 15.2 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். விமானத்தில் கொண்டுபோகலாமா? விடை: 53.2, போகலாம். உங்கள் வீட்டுக் கணினிக்கும் பவர் பேங்குக்கும் இதே கணக்கைப் போட்டு, அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.

பயணம் இனிதே அமைய அனைவரையும் வாழ்த்துகிறோம்.