பட்டனை அமுக்கியும் 'ரெடி' வரவில்லையா?

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த என் மச்சான், கீரமங்கலம் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்த ஹைபிரிட் காரை எடுக்கப் போனார். நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த வண்டி. ரிமோட்டை அமுக்கினால் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. தெருவில் நின்ற நான்கு பேர் கைலியை மடித்துக் கட்டிவிட்டார்கள். "தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம், நீங்க உள்ள உக்காருங்கண்ணே." நல்லவேளை, அதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டார். "மச்சான், பெரிய பேட்டரியே போச்சுபோல. லட்சக்கணக்குல கேப்பாங்களே?"

பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. படுத்திருந்தது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பக்கத்து வீட்டு டிராக்டரும் ஒரு ஜம்பர் கேபிளும் போதுமாக இருந்தன. அன்றைக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் நாம் அதிகம் பார்ப்பது, வயர் சொருகி சார்ஜ் போடத் தேவையில்லாத ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களைத்தான். 2022-ல் சிட்டி இ:எச்இவி, ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக அறிமுகமாயின. வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளும் பிளக்-இன் ஹைபிரிட் என்றால் பிஎம்டபிள்யூ மாதிரி எட்டாத விலையில் நிற்கிறது. அது வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தக்காரர்களின் வண்டி. இரண்டும் கிளம்பாமல் மக்கர் செய்வது அநேகமாக ஒரே காரணத்தால்தான்.

அந்தக் காரணம் புரிய, பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் இன்ஜினைச் சுற்றும். பெரும்பாலான ஹைபிரிட்களில் அப்படித் தனியாக ஒரு செல்ஃப் மோட்டாரே கிடையாது. இன்ஜினைச் சுற்றிவிடுவது 150, 200, 300 வோல்ட் என்று வண்டிக்கு வண்டி மாறும் பெரிய பேட்டரியும் அதன் மோட்டாரும். ஆனால் அந்தப் பெரிய பேட்டரி நேராக எதனோடும் இணைந்திருப்பதில்லை. நடுவில் ரிலேக்கள் உண்டு. வண்டி அணைந்ததும் அவை திறந்து, உயர் மின்னழுத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவைத்துவிடும். அவற்றை மூடுவதற்கும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்கும், கதவு திறப்பதற்கும் வேண்டிய கரண்ட் அந்தச் சின்ன பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். களஞ்சியம் நிறைய நெல் இருந்து என்ன, சாவி வைத்திருப்பவர் மயங்கிக் கிடந்தால்?

முதலில், வண்டி கிளம்பவில்லை என்பது உண்மையா?

சிரிக்காதீர்கள். ஹைபிரிட் சத்தமில்லாமல்தான் கிளம்பும். மீட்டரில் பச்சையாக 'ரெடி' என்று எரிந்தால் வண்டி தயார். 'டி' போட்டு பிரேக்கை விட்டால் நகரும். இன்ஜின் உறுமவில்லையே என்று பட்டனை இன்னொரு தடவை அமுக்கினால் ஓடுகிற வண்டி அணையும். கல்யாண மண்டப வாசலில் இரவல் வண்டி ஓட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

'ரெடி' வரவில்லை, ஆனால் மீட்டரும் பாட்டும் வேலை செய்கின்றன என்றால், பிரேக்கை மிதிக்காமலோ பாதி மிதித்தோ பட்டனை அமுக்கியிருப்பீர்கள். கியர் 'பி'யில் இருக்கிறதா பாருங்கள். பிரேக்கை ஆழமாக மிதித்துப் பட்டனை அமுக்குங்கள். பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு போயிருக்கலாம், கால்மிதி மடங்கியிருக்கலாம். பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். மற்ற விளக்கெல்லாம் நன்றாக இருந்து பிரேக் லைட் மட்டும் எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச்சோ அதன் ஃபியூஸோ போயிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் மிதிப்பது வண்டிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். டொயோட்டா வண்டிகள் பலவற்றின் கையேட்டில் இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு: ஹேண்ட் பிரேக் போட்டு, 'பி'யில் வைத்து, பட்டனை ஒரு தட்டு தட்டி 'ஏசிசி'க்குக் கொண்டுவந்து, பிரேக்கை மிதித்தபடி பட்டனைப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடிப்பது. உங்கள் கையேட்டில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இது ஒர்க் ஷாப் போய்ச் சேர்வதற்கான வழிதான், தினசரி வழக்கமாகிவிடக் கூடாது.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து பட்டனே இறுகிப்போன வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

பிளக்-இன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சார்ஜ் வயர் சொருகியிருக்கும்வரை வண்டி 'ரெடி' ஆகாது. சுவரில் சுவிட்சை அணைத்தால் போதாது, காரிலிருந்து கழற்ற வேண்டும். "ராத்திரி கரண்ட் போச்சு, சார்ஜ் ஏறல, அதான் கிளம்பல" என்பதும் தப்புக் கணக்கு. சார்ஜ் தீர்ந்தால் பிளக்-இன் பெட்ரோலில் ஓட வேண்டும். அதற்குத் தேவையான கொஞ்சத்தைப் பெரிய பேட்டரி எப்போதும் மீத்து வைத்திருக்கும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு கீரமங்கலம், வடகாடு பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்படி ஒரு நிலையிலும் பெட்ரோல் இருந்தால் பிளக்-இன் ஓடும்.

சாவி

'கீ இல்லை' என்று மீட்டர் சொன்னால் ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரிமோட்டின் பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளினால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி வரும், அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அமுக்கினால் பல வண்டிகள் எடுத்துக்கொள்ளும். சில கம்பெனிகள் ரிமோட்டை வைக்க வேறு இடம் ஒதுக்கியிருக்கின்றன; கையேட்டில் படம் இருக்கும்.

இப்போது அசல் குற்றவாளி

பட்டனை அமுக்கினால் 'டக் டக்' என்று ரிலே சத்தம் மட்டும் வருகிறது, மீட்டர் மங்கி மங்கி எரிகிறது, அல்லது கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக மின்னுகிறது. மூன்றுக்கும் முதல் சந்தேகம் 12 வோல்ட் பேட்டரி மேல்தான். வோல்டேஜ் இறங்கும்போது கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஆளுக்கொரு புகாரைப் பதிவு செய்யும். ஸ்கேனரை மாட்டி இருபது கோளாறு இருக்கிறது என்று யாராவது பட்டியல் கொடுத்தால் உடனே பயந்துவிடாதீர்கள். பேட்டரியைச் சரிசெய்து, அந்தப் பதிவுகளை அழித்துவிட்டு, எது திரும்ப வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வண்டி அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே என்றால் காலி. 'ரெடி' நிலையில் 13.5-லிருந்து 14.5-க்குள் காட்டினால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 'ரெடி' ஆன பிறகும் 12.3-லேயே நின்றால் புது பேட்டரி போட்டும் பிரயோசனம் இல்லை, வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

மீட்டரை வைப்பதற்கு முன்னால் முனைகளைப் பாருங்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று முனைகளைப் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்க வைத்துவிடும். சுத்தமாகச் சுரண்டி, இறுக்கினாலே பல வண்டிகள் எழுந்துவிடும்.

டிராக்டரா, லாரியா?

பேட்டரி காலியென்றால் ஜம்ப் கொடுக்க வேண்டும். பேட்டரி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறு. டிக்கியில் இருந்தால் ஒரு சிக்கல்: கரண்ட் இல்லாமல் டிக்கியும் திறக்காது. அதனால்தான் அப்படிப்பட்ட வண்டிகளில் பானெட்டுக்குள், ஃபியூஸ் பெட்டியருகே, சிவப்பு மூடி போட்ட ஒரு பிளஸ் முனை வைத்திருப்பார்கள். பானெட்டைத் திறக்கும் லீவர் சாதாரண கம்பிதான், கரண்ட் தேவையில்லை.

யாரிடம் கரண்ட் வாங்குவது? இன்னொரு பெட்ரோல் அல்லது டீசல் கார், இல்லையென்றால் டிராக்டர். இரண்டும் 12 வோல்ட். கல்குவாரி டிப்பர், பெரிய லாரி, பஸ் பக்கம் போகவே கூடாது. அவற்றில் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கோர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். ஹைவேயில் உதவிக்கு நிற்கிற முதல் ஆள் பெரும்பாலும் லாரி டிரைவர்தான்; நல்ல மனசோடு கேபிளை நீட்டுவார். கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 24 வோல்ட் ஏறினால் உங்கள் காரின் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கருகலாம்.

வரிசை முக்கியம். சிவப்பு கேபிளின் ஒரு முனையை உங்கள் காரின் பிளஸ்ஸில், மறுமுனையை டிராக்டர் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டுங்கள். பிறகு கறுப்பு, முதலில் டிராக்டர் மைனஸில். அதன் மறுமுனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், உங்கள் காரில் பெயின்ட் அடிக்காத ஒரு கனமான இரும்புப் பகுதியிலோ கையேடு காட்டும் இடத்திலோ மாட்டுங்கள். டிராக்டரை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் பிரேக்கை மிதித்து பட்டனை அமுக்குங்கள். 'ரெடி' வந்ததும், மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் ஒரு விநாடி போதும். ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம், கன்வெர்ட்டர் போனால் செலவு.

கிளம்பியதும் அணைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது 'ரெடி'யில் வையுங்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி வரை ஒரு ஓட்டம் ஓடினாலும் சரி. மறுநாள் காலையில் மீட்டரை வைத்துப் பார்த்து 12.2-க்குக் கீழே இருந்தால் பேட்டரிக்கு ஆயுள் முடிந்திருக்கலாம். காருக்குள்ளேயோ டிக்கியிலோ இருக்கும் பேட்டரிக்கு வாயு வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். மாற்றும்போது அந்தக் குழாய் பொருந்தும் ரகத்தையே கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை உள்ளே வைப்பது ஆபத்து.

உங்கள் ஹைபிரிட்டிலிருந்து அடுத்த வண்டிக்கு ஜம்ப் கொடுக்கலாமா? பல கம்பெனிகள் கூடாது என்கின்றன. கையேட்டைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

'ரெடி' வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோலைப் பாருங்கள். டேங்க் வறண்ட ஹைபிரிட், பேட்டரியில் கொஞ்ச தூரம் ஓடும். அந்தத் தெம்பில் திரும்பத் திரும்ப முயன்றால் பெரிய பேட்டரியும் காலியாகி, சர்வீஸ் சென்டர் சார்ஜரைத் தவிர வேறு வழியில்லாமல் போகும். ஒரு லிட்டர் பாட்டில் பெட்ரோல் ஊற்றினால் போதாது. கேனில் எட்டு, பத்து லிட்டராவது ஊற்றுங்கள். பிளக்-இன்னில் இதற்கு நேர்மாறான கோளாறு வரும். தினம் சார்ஜிலேயே ஓட்டி, டேங்கில் அதே பெட்ரோல் மாதக்கணக்காகக் கிடக்கும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதம் ஒரு தடவையாவது இன்ஜினை நன்றாகச் சூடேற ஓடவிடுங்கள்.

தை அறுவடை முடிந்தால் வயல் எலி ஷெட்டுக்கு வரும். பானெட்டைத் திறந்தால் வைக்கோலும் கடித்த வயரும் தெரியும். அந்துருண்டை, புகையிலை எல்லாம் நாலு நாளைக்குத்தான். கடிபட்டது சாதாரண வயர் என்றால் எலக்ட்ரீஷியன் பார்க்கலாம். ஆரஞ்சு நிற வயர் என்றால் பானெட்டை மூடிவிட்டுப் போனை எடுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

ஆரஞ்சு நிறம் என்றால் உயர் மின்னழுத்தம். உள்ளூர் மெக்கானிக் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், ஹைபிரிட் பயிற்சி இல்லாவிட்டால் அதைத் தொடவிடாதீர்கள். ஆள் உயிர் ஒருபுறம். மறுபுறம், டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி தருகிறது, பெட்டியைப் பிரித்தால் அதற்குச் சிக்கல் வரும். ஐப்பசி மழையில் வெள்ளத்தில் நின்ற வண்டியில் பட்டனை அமுக்கியே பார்க்கக் கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எத்தனை பேர் தோள் கொடுத்தாலும் இதில் கிளட்ச் விட்டு இன்ஜினைச் சுற்றவைக்கும் ஏற்பாடு இல்லை. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி, கரண்ட் உற்பத்தியாகி, உள்ளே சூடேறும். இன்ஷூரன்ஸின் ரோட்சைடு உதவிக்கோ, தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கோ போன் செய்து, "ஹைபிரிட் வண்டி, பிளாட்பெட் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நான்கு சக்கரமும் மேலே ஏற வேண்டும்.

மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் வீடுகளுக்கு

கடியாபட்டி, ராயவரம் பக்கத்துப் பெரிய வீடுகளில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கார்கள் உண்டு. அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் வெளிநாட்டில் இருக்கும் சபராளிகளின் கார்கள். நிறுத்திவைத்த வண்டியும் திருட்டு அலாரத்துக்கும் சாவியைத் தேடுவதற்கும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடிக்கும். தனியாக வயர் இழுத்துப் போட்ட டேஷ்கேமும் ஜிபிஎஸ் கருவியும் இருந்தால் இன்னும் வேகம். ஷெட் சுவரின் மறுபக்கத்திலேயே சாவி மாட்டும் ஆணி அடித்திருந்தால் ரிமோட்டும் காரும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். சாவியை உள் அறைக்கு மாற்றுங்கள்.

வாரம் ஒரு நாள், வீட்டில் இருப்பவர் யாராவது, ஷெட் கதவைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் 'ரெடி'யில் வைக்கட்டும். பாட்டு மட்டும் போட்டுக்கொண்டு 'ஏசிசி'யில் உட்கார்ந்தால் இருக்கிற சார்ஜும் போய்விடும். ஆள் இல்லாத வீடு என்றால் 12 வோல்ட் மைனஸைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காலிப் பேட்டரியை எழுப்பும் லித்தியம் ஜம்ப் பெட்டி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை டிக்கியில் போட்டுவிடாதீர்கள். பேட்டரி படுத்த அன்றைக்கு டிக்கி திறக்காது.

கடைசியாக ஒரு வேலை. பானெட்டின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்: '12 வோல்ட் மட்டும். லாரி பேட்டரி வேண்டாம். தள்ளக் கூடாது. கட்டி இழுக்கக் கூடாது.' வண்டி நிற்கிற அன்றைக்கு அதைத் திறந்து பார்ப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.