கயிறு நேரானது, அலை எங்கே போனது?

நம்பிக்கை: எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதினால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

உண்மை: நீளமான கயிறு ஒன்றை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஒருவர் மேலாகவும் மற்றவர் கீழாகவும் ஒரு சுண்டு சுண்டட்டும். மேடு ஒன்றும் பள்ளம் ஒன்றும் எதிரெதிரே ஓடிவரும். நடுவில் சந்திக்கிற கணத்தில் கயிறு நேர்கோடாகிவிடும். கதை முடிந்தது என்று நினைப்பதற்குள் மேடு தன் வழியே, பள்ளம் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். நேராகத் தெரிந்த அந்தக் கணத்திலும் கயிறு சும்மா இல்லை. அதன் ஒரு பகுதி மேலே, இன்னொரு பகுதி கீழே என்று விரைந்துகொண்டிருந்தது. ஆற்றல் அந்த வேகத்துக்குள் இருந்தது.

இதற்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் மேற்பொருந்துதல். ஓரிடத்தில் எத்தனை அலைகள் கூடினாலும் அவற்றின் இடப்பெயர்ச்சிகளைக் கூட்டிக் கழித்தால் போதும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வர ஒலியைத் தவில் ஒலி குறுக்கே கடந்தும் இரண்டும் சிதையாமல் காதுக்கு வருவது இதனால்தான்.

நம்பிக்கை: நடுக்கடலில் திடீரென்று எழும் ராட்சத அலை, மாலுமிகள் அளந்த கதை.

உண்மை: 1995 ஜனவரி 1 அன்று, வட கடலில் நார்வேயின் டிராப்னர் மேடையிலிருந்த கருவி 25.6 மீட்டர் உயர அலையைப் பதிவுசெய்தது. அப்போது சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரி உயரமே சுமார் 12 மீட்டர்தான். ஆக்ஸ்போர்டு, எடின்பரோ ஆய்வாளர்கள் அதை வட்டமான நீர்த்தொட்டியில் சிறிய அளவில் மறுபடி எழுப்பிக் காட்டி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு அலைத்திரள்கள் சுமார் 120 பாகைக் கோணத்தில் குறுக்கிட்டபோதுதான் அந்த உயரம் கைகூடியது. ஒன்று சொல்லியாக வேண்டும்: இவ்வளவு செங்குத்தான அலைகளுக்கு வெறும் கூட்டல் கணக்கு மட்டும் பத்தாது.

நம்பிக்கை: இரைச்சல் நீக்கும் ஹெட்போன், காதில் வைக்கும் பஞ்சுக்கு விலை கூடிய மாற்று.

உண்மை: மெத்தை ஓரளவு அடைப்பது நிஜம். மீதி வேலை மேற்பொருந்துதலுடையது. உள்ளேயிருக்கும் மைக் இரைச்சலைக் கேட்டு, முகடு வரும் இடத்தில் அகடு அமையும்படி எதிர் அலையை ஒலிக்கச் செய்கிறது. ஜெர்மானியர் பால் லூக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். சீராக ஓடும் தாழ்ந்த ஒலிக்கு இது பிரமாதம். விமான இன்ஜினின் உறுமல் அடங்கிவிடும். பின் சீட்டுக் குழந்தையின் அழுகை அடங்காது.